கேளு அண்ணாத்தே: ஒரு லெட்டர் மாத்துன துப்பாக்கி

போன இதழ்ல கிரிக்கெட் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, "ஜேம்ஸ்பாண்டு ரிவால்வர ஊதிட்டு உள்ள சொருகுற மாதிரி அந்தப் பையன் பேட்ட கக்கத்துல சொருகிட்டு நடந்து போனான்"னு சும்மா போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். கிரிக்கெட் பத்தி ஒருத்தர் கூட ஒண்ணும் கேக்கல, அந்த ஒரு வரிக்கு மட்டும் ராயபுரம், எர்ணாவூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைன்னு எல்லா பக்கத்துலேருந்தும் லெட்டர். கல்மண்டபத்துல டீ ஆத்துறவரு கூட கிளாஸ நீட்டிக்கிட்டே "இன்னாபா, அது ரிவால்வரா?"ன்னு கேட்டுட்டாரு. அதனால இந்த வாட்டி தண்ணி லாரி, ரேஷன் கடை, மாமியார் பஞ்சாயத்து எல்லாம் ஓரமா இருக்கட்டும், மொத்தமும் பாண்டு வச்சிருக்குற அந்த குட்டி துப்பாக்கி, வால்தர் பி.பி.கே.தான்.

காசிமேடு வாசகர்: அண்ணாத்தே, பாண்டு வச்சிருக்குறது பிஸ்டல். ரிவால்வர் இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தன வருஷமா பதில் எழுதிக்கினு இருக்க?

தெரியும்பா. தெரிஞ்சும் எழுதிட்டேன், அதான் கேவலம். ரிவால்வர்னா நடுவுல ஒரு உருளை இருக்கும், அதுல அஞ்சோ ஆறோ ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தோட்டா, விசைய அழுத்த அழுத்த உருளை சுத்தி அடுத்த தோட்டா குழலுக்கு நேரா வரும். பிஸ்டல்ல உருளை கிடையாது, தோட்டா எல்லாம் ஒரு தகர டப்பில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கைப்பிடிக்குள்ள போயிடும், அதுக்கு பேர் மேகசின். சுட்ட வேகத்துல மேல இருக்குற ஸ்லைடு பின்னாடி போய் காலி கூட்ட வெளிய துப்பிட்டு, முன்னாடி வரும்போது அடுத்த தோட்டாவ தள்ளிக்கினு வரும்.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் ரிவால்வர்னு சொல்ற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னா கிரைம் நாவல்லேருந்து. நான் 1980கள்ல பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு லெண்டிங் லைப்ரரி நடத்துனேன், ஒரு பழைய ஐஸ் கடைய மடக்கி ஷெல்ப் அடிச்சது, நாவலுக்கு ஐம்பது பைசா வாடகை, காமிக்ஸுக்கு இருபத்தஞ்சு. அதுல நூத்துக்கு தொண்ணூறு நாவல்ல வில்லன் "சைலன்சர் பொருத்திய ரிவால்வர்" தான் வச்சிருப்பான். ஹார்பர்ல வேலை பாத்த ஒரு பெரியவர் எங்க மெம்பர், அவர் ஒவ்வொரு புக்லயும் அந்த வரி வந்தா ஓரத்துல பென்சில்ல "ரிவால்வருக்கு சைலன்சர் போட்டு பிரயோஜனம் இல்லை, உருளைக்கும் குழலுக்கும் நடுவுல இருக்குற சந்துல சத்தம் வெளிய வந்துடும்"னு குட்டி குட்டி எழுத்துல எழுதி வச்சிட்டு போவாரு. எனக்கு செம கடுப்பு. புக்ல கிறுக்குனா ஒரு ரூபா ஃபைன்னு போர்டே மாட்டுனேன், மனுஷன் ஒண்ணும் பேசாம ஒரு ரூபாய வச்சிட்டு அடுத்த புக்லயும் எழுதுவாரு. பின்னாடி படிச்சு பாத்தா அவர் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்டு. (ரஷ்யாக்காரனோட நாகான்ட் ரிவால்வர்ல மட்டும் உருளை முன்னாடி நகர்ந்து அந்த சந்த அடைச்சிடும்னு எனக்கும் தெரியும், அதுக்கு தனியா லெட்டர் போடாதீங்க சாமி.)

தண்டையார்பேட்டை வாசகி: பி.பி.கே.ன்னா என்ன சார்? வால்தரா, வால்ட்டரா?

ஜெர்மன்காரன் வாய்ல வால்ட்டர், இங்கிலீஷ்காரன் வாய்ல வால்தர், நம்ம வாய்க்கு எது வருதோ அது. பி.பி.ன்னா போலிஸைபிஸ்டோலே, போலீஸ் பிஸ்டல்னு அர்த்தம். கடைசி கே-க்கு கிரிமினால்னு சொல்லுவாங்க, அதாவது மஃப்டில சுத்துற துப்பறியும் போலீஸுக்கு கோட்டுக்குள்ள தெரியாம இருக்குற மாதிரி செஞ்சது. குட்டைன்னு அர்த்தம் வர்ற ஜெர்மன் வார்த்தைதான் அந்த கேன்னு இன்னொரு கோஷ்டி சொல்லும்மா, சண்டைய அவங்களே போட்டுக்கட்டும்.

எர்ணாவூர் வாசகர்: இத யார் செஞ்சாங்க, எப்போ?

ஜெர்மனில துரிங்கியான்னு ஒரு பக்கம், அங்க செல்லா-மேலிஸ்னு ஒரு ஊரு, துப்பாக்கி செய்றவங்க ஊரு. கார்ல் வால்தர்னு ஒருத்தர் 1886ல அங்க பட்டறை போட்டாரு, அப்புறம் பசங்க எடுத்து நடத்துனாங்க. 1929ல பி.பி. வந்துச்சு, அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல அதையே குழலையும் பிடியையும் குறைச்சு பி.பி.கே. ஆக்குனாங்க. போலீஸுக்குன்னு செஞ்சத அப்புறம் நாஜி கட்சிக்காரன் எல்லாம் இடுப்புல சொருகிட்டு திரிஞ்சான்.

போர் முடிஞ்சப்போ அந்த ஊரு ரஷ்யாக்காரன் கைக்கு போயிடுச்சு. வால்தர் குடும்பம் கையில கிடைச்சத எடுத்துக்கிட்டு மேற்கு ஜெர்மனி பக்கம் வந்துட்டாங்க, அங்க ஜெர்மன்காரன் துப்பாக்கி செய்யக்கூடாதுன்னு தடை. அப்போ அவங்க கையில இருந்த இன்னொரு தொழில் என்ன தெரியுமா, கணக்கு போடுற மெஷின். கைப்பிடிய சுத்துனா கூட்டி கழிச்சு காட்டும் பாருங்க, பாரிமுனைல பழைய ஷிப்பிங் ஆபீஸ்ல எல்லாம் அந்த மாதிரி மெஷின் மேஜைக்கு ஒண்ணு கிடக்கும். அத செஞ்சு வயித்த கழுவிட்டு அப்புறம்தான் ஊல்ம்ங்கிற ஊர்ல செட்டில் ஆனாங்க. 1950கள்லேருந்து பி.பி.கே.ய லைசென்ஸ் வாங்கி செஞ்சது பிரான்ஸ்ல மனுரான்னு ஒரு கம்பெனி. ஆக ஆரம்ப கால பாண்டு படம் ஓடுன காலத்துல புதுசா வந்த பி.பி.கே. எல்லாம் பிரெஞ்சுக்காரன் கை பட்டது, மேல ஜெர்மன் பேரு, வச்சிருக்குறவன் இங்கிலீஷ்காரன்.

ஜெர்மன்காரன் குண்டு நம்ம பக்கம் நிஜமா வந்து விழுந்தது ஒரே வாட்டி, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் ஹார்பர் பக்கத்துல இருந்த எண்ணெய் டேங்க்க சுட்டு கொளுத்திட்டு போனது. அதுலேருந்துதான் வீட்டுல அடங்காத பிள்ளைய "சரியான எம்டன்"னு திட்டுறோம். பி.பி.கே.க்கு அந்த மாதிரி பேர் எடுக்குற சைஸ் பத்தாது.

கொருக்குப்பேட்டை வாசகர்: எத்தனையோ துப்பாக்கி இருக்கும்போது பாண்டுக்கு ஏன் இத குடுத்தாங்க தலைவரே? கம்பெனிக்காரன் காசு குடுத்தானா?

இந்த கேள்விக்காகத்தான் இந்த இதழே. காசு இல்ல கம்பெனி இல்ல, ஒரு வாசகர் லெட்டர்.

இயான் ஃபிளெமிங் பாண்டு கதை எழுத ஆரம்பிச்சப்போ ஹீரோ கையில குடுத்தது பெரெட்டான்னு ஒரு இத்தாலி பிஸ்டல், .25 தோட்டா, உள்ளங்கைல அடங்குற சைஸு. நாலு அஞ்சு புக்கு அப்படியே ஓடிச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. 1956ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோலேருந்து ஜெஃப்ரி பூத்ராய்டுன்னு ஒருத்தர் லெட்டர் போடுறாரு. ஒரு கெமிக்கல் கம்பெனில வேலை, துப்பாக்கி மேல வெறி. லெட்டர்ல என்ன சொல்றாருன்னா, அய்யா உங்க பாண்டு எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா அவன் துப்பாக்கி விஷயத்துல ரசனை கெட்டவன், பெரெட்டா லேடீஸ் துப்பாக்கி, அதுலயும் நல்ல லேடீஸ் வச்சிருக்குறது கூட கிடையாதுன்னு ஒரே போடு. அதோட நிறுத்தல, பாண்டுக்கு ஸ்மித் அண்ட் வெஸன் .38 ரிவால்வர் குடுங்க, அத இந்த உறைல போட்டு இப்படி மாட்டுங்கன்னு டைலர் அளவெடுக்குற மாதிரி எழுதி அனுப்புறாரு.

நம்ம ஊர்ல ஒரு எழுத்தாளருக்கு இப்படி லெட்டர் வந்தா இன்னா ஆவும்? கிழிச்சு போட்டுட்டு அடுத்த வாரம் பேர சொல்லாம வாசகர்கள திட்டி ஒரு கட்டுரை வரும். ஃபிளெமிங் என்ன பண்ணாருன்னா உக்காந்து பதில் எழுதுனாரு, நீங்க சொல்றது சரி, இன்னும் விவரம் சொல்லுங்கன்னு. ரெண்டு பேருக்கும் லெட்டர் போக்குவரத்து. ஆனா ரிவால்வர் வேணாம், ஆட்டோமேடிக்கா இருந்தா என்ன குடுக்கலாம்னு பேச்சு போனப்போதான் வால்தர் பி.பி.கே. 7.65 மி.மீ. (தோட்டாவோட தடிமன் அது) உள்ள வருது. 1958ல வந்த 'டாக்டர் நோ' நாவல்ல மேலதிகாரி பாண்ட கூப்ட்டு உன் பெரெட்டாவால நீ சாவ இருந்த, இனிமே அத தொடாதன்னு சொல்லிட்டு ஆயுத நிபுணர ரூமுக்குள்ள கூப்பிடுவாரு, அந்த ஆளு பெரெட்டாவ கைல எடுத்து பாத்துட்டு இது லேடீஸ் துப்பாக்கி சார்னு சொல்லுவாரு. அந்த நிபுணர் பேர் மேஜர் பூத்ராய்டு. கிளாஸ்கோ வாசகர் பேர அப்படியே தூக்கி வச்சிட்டாரு ஃபிளெமிங். வாசகர் சொன்ன நக்கலையும் அதே வாசகர் பேர்ல இருக்குற ஆள் வாய்லயே போட்டுட்டாரு பாருங்க.

இதுக்கு மேல ஒரு கூத்து. பூத்ராய்டு சொன்ன அந்த உறை, பெர்ன்ஸ்-மார்ட்டின்னு பேரு, அது ரிவால்வருக்குன்னே செஞ்சது. ஃபிளெமிங் துப்பாக்கிய மாத்துனாரு, உறைய மாத்தல. பி.பி.கே.ய கொண்டு போய் ரிவால்வர் உறைல சொருகிட்டாரு. ஒரு தப்ப திருத்த போய் இன்னொரு தப்பு, அதுக்கும் அடுத்த செட் வாசகர்கள் லெட்டர் போட்டாங்க. இது எனக்கு எவ்ளோ ஆறுதல் தெரியுமா?

இன்னொண்ணு. 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' புக் அட்டைப்படத்துக்கு வரையறதுக்கு பூத்ராய்டு தன்னோட சொந்த ரிவால்வரையே கடன் குடுத்தாரு, விசைக்கு முன்னாடி இருக்குற வளையத்த அறுத்து எடுத்த ரிவால்வர். நாவல்ல பாண்டு பெரெட்டா வச்சிருக்கான், அட்டைல வாசகரோட ரிவால்வர். படம் வந்தப்புறம் அதே மேஜர் பூத்ராய்டுதான் பாண்டுக்கு கார், வாட்ச், பேனான்னு எல்லாம் செஞ்சு குடுக்குற க்யூ ஆனாரு, 1963லேருந்து டெஸ்மண்ட் லெவலின் பதினேழு படம் அந்த வேஷம் போட்டாரு. கிளாஸ்கோல உக்காந்து குத்தம் கண்டுபிடிச்ச ஒரு வாசகர், இன்னிக்கு வரைக்கும் சாகாம படத்துக்கு படம் நடந்துக்கினு இருக்காரு. காசிமேட்டு தலைவரே, உங்களுக்கும் ஒரு காலம் வரும்.

மின்ட் பக்கத்துலேருந்து ஒரு வாசகர்: படத்துல ஒரே மேகசின்ல முப்பது பேர சுடுறானே, நிஜமா எத்தன குண்டு சார்?

7.65 மி.மீ. பி.பி.கே. மேகசின்ல ஏழு. குழலுக்குள்ள, அதாவது சேம்பர்ல, முன்கூட்டியே ஒண்ண ஏத்தி வச்சிட்டு மேகசின நிரப்புனா எட்டு. அவ்ளோதான். .380 தோட்டா போடுற மாடல்ல இன்னும் ஒண்ணு குறைச்சல்.

பெரம்பூர் வாசகர்: அவ்ளோ பெரிய உளவாளிக்கு அவ்ளோ சின்ன துப்பாக்கி போதுமா? பவர் எப்படி? டெக்னிக்கலா சொல்லுங்க.

நீளம் பதினஞ்சரை சென்டிமீட்டர், பள்ளிக்கூடத்து பதினஞ்சு சென்டிமீட்டர் ஸ்கேல விட ஒரு நூல் ஜாஸ்தி. எடை கிட்டத்தட்ட 600 கிராம். தோட்டால இருந்து பறக்குற ஈயம் நாலரை கிராம் சொச்சம், வேகம் வினாடிக்கு 300 மீட்டர் பக்கம். சின்ன தோட்டாதான், ஜான் பிரவுனிங் 1899லயே வடிவமைச்சது. படத்துல கண்ணாடில செங்கல் விட்டெறிஞ்ச மாதிரி இறங்கும்னு பில்டப் குடுப்பாங்க, அது வசனம். துப்பாக்கிக்காரங்கள கேட்டா பவர்ல இது எல்.கே.ஜி.ம்பாங்க.

ஆனா செஞ்ச விதத்துல அந்த காலத்துக்கு கில்லாடி. அப்போ இருந்த பிஸ்டல்ல குதிரைய, அதான் பின்னாடி இருக்குற சுத்தியல் மாதிரி பார்ட்டு, அத முன்னாடியே இழுத்து வச்சிட்டு பூட்டு போட்டு தூக்கிட்டு திரியணும். இதுல குதிரை படுத்தே இருக்கும், சேம்பர்ல தோட்டாவும் இருக்கும், மொத வாட்டி விசைய நீளமா அழுத்தி இழுத்தா குதிரை தானா எழுந்து அடிக்கும், அதுக்கப்புறம் ஸ்லைடு ஒவ்வொரு வாட்டியும் குதிரைய தூக்கி வச்சிட்டு போறதால லேசா தொட்டா போதும். பக்கத்துல ஒரு நெம்புகோல், அத கீழ தள்ளுனா தூக்கி நிக்குற குதிரை சுடாம பத்திரமா படுத்துக்கும். பின்னாடி ஒரு குட்டி ஊசி நீட்டிட்டு இருக்கும், சேம்பர்ல தோட்டா இருந்தா இருட்டுல கூட கட்டை விரலால தடவி தெரிஞ்சுக்கலாம், கரண்ட் கட்ல தீப்பெட்டிய தடவி பாக்குற மாதிரி. கழட்டுறது இன்னும் அழகு, விசைய சுத்தி இருக்குற வளையத்த கீழ இழுத்தா ஸ்லைடு கையோட வந்துடும், குழல் மட்டும் அசையாம சட்டத்துலயே நிக்கும், ஸ்பிரிங் அந்த குழல சுத்தியே இருக்கும்.

குறை என்னன்னா கை பெருசா இருந்தா கடிக்கும். ஸ்லைடு வேகமா பின்னாடி வரும்போது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதைய பிச்சிடும். நம்ம பக்கத்துல ஐஸ் பெட்டி தூக்கி தூக்கி காப்பு காய்ச்ச கைக்கு எல்லாம் இது செட் ஆவாது.

வியாசர்பாடி வாசகர்: அந்த "பியூ" சத்தம் நிஜமா அண்ணே?

இல்ல தம்பி. சைலன்சர் சத்தத்த குறைக்கும், கொல்லாது. இந்த தோட்டா பொதுவா ஒலி வேகத்த விட கம்மியா போறதால காத்த கிழிக்குற டமார் இருக்காது, அது ஒரு சவுகரியம். ஆனா ஸ்லைடு போய் வர்ற இரும்பு சத்தம், வெளிய வர்ற வாயு சத்தம் எல்லாம் இருக்கும், பக்கத்து ரூம்காரன் எழுந்துடுவான். "பியூ"ங்கிறது சவுண்டு இன்ஜினியர் வாய்.

புளியந்தோப்பு வாசகர்: கதைய விடுங்க. நிஜத்துல இத வச்சு யார் யார சுட்டாங்க?

மொத ஆளு தன்னையே சுட்டுக்கிட்டான். 1945 ஏப்ரல் 30, பெர்லின் பங்கர், ஹிட்லர் தற்கொலை பண்ணிக்கிட்டது வால்தர் பி.பி.கே. 7.65ல. இதுக்கு மேல அத பத்தி பேச எனக்கு விருப்பம் இல்ல.

ரெண்டாவது தென்கொரியா. 1979 அக்டோபர் 26, சியோல்ல ராத்திரி விருந்து, ஜனாதிபதி பார்க் சுங் ஹீய அவரோட உளவுத்துறை தலைவர் கிம் ஜே க்யூவே சுட்டுட்டாரு, சாப்பாட்டு மேஜைல வச்சு. கையில பி.பி.கே. ஆனா பாதிலயே அது மக்கர் பண்ணிடுச்சு, வெளிய ஓடி போய் தன்னோட ஆள்கிட்ட இருந்த ரிவால்வர வாங்கிட்டு வந்துதான் முடிச்சாரு.

மூணாவதுதான் நம்ம ஏரியா மேட்டரு, கவனமா கேளுங்க. 1974 மார்ச் 20, லண்டன்ல அரண்மனைக்கு போற பெரிய ரோட்டுல இளவரசி ஆன் கார்ல போறாங்க. ஒருத்தன் கார குறுக்க போட்டு கடத்த பாக்குறான், கையில ரெண்டு துப்பாக்கி. பாதுகாப்புக்கு போன இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் பீட்டன் இறங்கி ஒரு வாட்டி சுட்டாரு, குறி தப்பிடுச்சு, அடுத்தது சுட போனா அவரோட பி.பி.கே. ஜாம். பாவம் மூணு குண்டு வாங்கிட்டு விழுந்தாரு, ஆனாலும் கடைசி வரைக்கும் மறைச்சு நின்னாரு, பொழைச்சும் வந்தாரு, ஜார்ஜ் கிராஸ் விருது குடுத்தாங்க. அப்போ வேலை முடிச்சு அந்த பக்கம் போன ரோனி ரஸ்ஸல்னு ஒருத்தர் இறங்கி வந்து, துப்பாக்கியோட நிக்குறவன் மண்டைல விட்டாரு பாருங்க ஒரு குத்து. அந்த ஆளு யாரு? பழைய பாக்சர். ஹெவிவெயிட்.

எங்க தாத்தா இருந்திருந்தா இத கேட்டுட்டு ராத்திரி முழுக்க தூங்கியிருக்க மாட்டாரு. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரைன்னு மேட்ச் பாத்தே வளந்த மனுஷன், "துப்பாக்கி இரும்பு, துருப்பிடிக்கும், முஷ்டி அப்படியாடா"ன்னு ஒரு டயலாக் கண்டிப்பா விட்டிருப்பாரு. பிரிட்டிஷ் போலீஸ் அதுக்கப்புறம் இந்த துப்பாக்கிய கை கழுவிட்டாங்க.

இப்போ யோசிச்சு பாருங்க. பெரெட்டா சதி பண்ணிடுச்சுன்னு சொல்லித்தான பாண்டுக்கு பி.பி.கே. குடுத்தாங்க? நிஜத்துல ரெண்டு பெரிய சம்பவத்துலயும் கழுத்தறுத்தது அதே பி.பி.கே.தான். சினிமால மட்டும்தான் அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. அங்கயும் எந்த அளவுக்குன்னு அடுத்த கேள்விக்கு சொல்றேன்.

திருவொற்றியூர் வாசகர்: போஸ்டர்ல ஷான் கானரி கன்னத்துல வச்சிக்கினு நிப்பாரே, அது இவ்ளோ நீளமா இருக்கே, சைலன்சரா?

கண்ணுப்பா உனக்கு. அது பி.பி.கே.யே இல்ல. 1963 படத்துக்கு போட்டோ எடுக்க ஸ்டுடியோக்கு வந்தவங்க துப்பாக்கிய எடுத்துட்டு வர மறந்துட்டாங்க. போட்டோகிராபர் டேவிட் ஹர்ன் கிட்ட வால்தர் எல்.பி. 53ன்னு ஒரு ஏர் பிஸ்டல் இருந்துச்சு, நம்ம தீவுத்திடல் பொருட்காட்சில காசு குடுத்து பலூன் சுடுவோம்ல அந்த ஜாதி. அத குடுத்து நிக்க வச்சு எடுத்துட்டாரு. உலகம் முழுக்க "லைசென்ஸ் டு கில்"னு கெத்தா ஒட்டுன போஸ்டர்ல ஹீரோ கைல காத்து துப்பாக்கி.

மொத படம், 1962, அதுலயும் பாண்டுக்கு பி.பி.கே.ன்னு சொல்லி கையில குடுக்குறது நிஜத்துல பி.பி., பெரிய அண்ணன். அதே படத்துல வில்லன் கோஷ்டி ஆளு ஒருத்தன் கிட்ட பாண்டு "இது ஸ்மித் அண்ட் வெஸன், உன் ஆறும் முடிஞ்சுது"ங்குற அர்த்தத்துல கெத்தா ஒண்ணு சொல்லிட்டு சுடுவான். அந்த வில்லன் ஆளு கைல இருக்குறது ஸ்மித் அண்ட் வெஸனே இல்ல, கோல்ட் 1911, மேகசின்ல ஏழு. பூத்ராய்டு தியேட்டர்ல உக்காந்து பாத்திருந்தா என்ன பாடுபட்டிருப்பாருன்னு நினைச்சா சிரிப்பா வருது.

இன்னும் கேளுங்க. அந்த பி.பி. 2020ல அமெரிக்கால ஏலம் போச்சு, 2,56,000 டாலர். போஸ்டர் காத்து துப்பாக்கி அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே லண்டன்ல 2,77,250 பவுண்டு. டாலர் இல்ல, பவுண்டு. பலூன் துப்பாக்கிதான் ஜெயிச்சுது.

ராயபுரம் வாசகி: எல்லா பாண்டு படத்துலயும் இதே துப்பாக்கிதானா அண்ணே?

இல்லம்மா. உதய்ப்பூர்ல வந்து எடுத்தாங்களே, 1983ல ரிலீஸ் ஆச்சே, நம்ம மெட்ராஸ் விஜய் அமிர்தராஜ் ஆட்டோ ஓட்டிட்டு டென்னிஸ் பேட்டால அடியாளுங்கள சாத்துவாரே, அந்த படத்துல பாண்டு கைல வால்தர் பி5. 1997லேருந்து கொஞ்ச வருஷம் பி99, பெருசு, நவீனம். 2008ல திரும்ப பி.பி.கே. 2012 படத்துல கை ரேகைய பாத்துட்டு பாண்டு பிடிச்சா மட்டும் சுடுற மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, அது பி.பி.கே./எஸ். அந்த எஸ் வந்த கதையும் தமாஷுதான்: 1968ல அமெரிக்கா போட்ட சட்டத்தால உயரம் கொஞ்சம் கம்மியா இருக்குற பி.பி.கே.ய இறக்குமதி பண்ண முடியாம போச்சு, உடனே இவங்க பி.பி. உடம்புக்கு பி.பி.கே. தலைய மாட்டி அனுப்பிட்டாங்க. போலீஸ் செலக்‌ஷன்ல உயரம் பத்தலன்னு காலுக்கு கீழ அட்டை வச்சிட்டு போன கதை மாதிரி.

மணலி வாசகர்: தமிழ்நாட்டு ஜேம்ஸ்பாண்டு யாரு?

இதுல என்னய்யா சந்தேகம், ஜெய்சங்கர். வெள்ளிக்கிழமை நாயகன். அவர் கையில என்ன துப்பாக்கின்னு அடுத்த லெட்டர் போட்டுடாதீங்க.

பெயர் வேண்டாம்னு எழுதின வாசகர்: பி.பி.கே. ஒண்ணு வாங்கலாம்னு ஆசை. வழி சொல்லுங்க.

ஆசைய அடக்கிக்கோ ராசா. 1959 ஆயுத சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாது, சென்னை சிட்டின்னா போலீஸ் கமிஷனர் ஆபீஸ், உனக்கு ஏன் வேணும்னு காரணம் கேப்பாங்க, "பாண்டு வச்சிருக்கான்"னு எழுத முடியாது. லைசென்ஸ் கிடைச்சாலும் வெளிநாட்டு துப்பாக்கிய தனி ஆளு இறக்குமதி பண்றத 1980கள்லயே நிறுத்திட்டாங்க, பேர் வாங்குன ஷூட்டிங் வீரர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதுக்கு முன்னாடி உள்ள வந்த பழசு, லைசென்ஸ் வச்சிருக்குற ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு கைமாறுறதுதான், விலை லட்சக்கணக்குல. நம்ம அரசாங்க ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 பிஸ்டல் ஒண்ணு செய்யுது, பாண்டு போடுற அதே 7.65 தோட்டாதான் அதுலயும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டுக்கு மேல வச்சிருக்க முடியாது, எலெக்‌ஷன் வந்தா அதையும் ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கணும். கள்ளத்தனமா எவனாவது காட்டுனா கிட்ட போகாத, உள்ள போயிடுவ.

கொடுங்கையூர் வாசகி: பையன் தீபாவளிக்கு ஜேம்ஸ்பாண்டு துப்பாக்கிதான் வேணும்னு ஒரே அழுகை. என்ன வாங்கிக் குடுக்க?

சவுகார்பேட்டைல கேப் துப்பாக்கி கிடைக்கும்மா, பிளாஸ்டிக் வேணாம் தகரமே வாங்கு, சுருள் கேப் பத்து டப்பா சேத்து வாங்கு. ஐப்பசி ஈரத்துல கேப் நமுத்துடும், அடுப்பு பக்கத்துல வச்சிடாத, வெயில்ல காய வை. சுருள் நடுவுல சிக்கி மாட்டிக்கிட்டா பையன் அழுவான், அப்போ இளவரசி ஆன் கதைய சொல்லு.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: உங்க லெண்டிங் லைப்ரரில நானும் மெம்பர் அண்ணே, ராணி காமிக்ஸ்ல பாண்டு கதை எல்லாம் அங்கதான் படிச்சேன். அந்த புக்கெல்லாம் இப்போ எங்க?

கேபிள் டி.வி. வந்து மூணே வருஷத்துல கடைய காலி பண்ண வச்சிடுச்சு தம்பி. காமிக்ஸ் எல்லாம் மெம்பருங்களே டெபாசிட்டுக்கு பதிலா எடுத்துட்டு போனாங்க, உன் வீட்டுலயே ரெண்டு இருக்கும் தேடி பாரு. நாவல் எல்லாம் கிலோ கணக்குல போச்சு. எடை போட்டப்போ ஒரு கட்டு அவுந்து விழுந்துச்சு, ஒரு புக்கு மட்டும் நான் எடுத்து வச்சிக்கிட்டேன். அட்டை கிடையாது, யார் எழுதுனதுன்னு தெரியாது. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஹீரோ பி.பி.கே.ய எடுத்து எட்டு பேர சுட்டு தள்ளுவான், ஓரத்துல நம்ம ஹார்பர் பெரியவர் பென்சில் கையெழுத்து: "ஏழு குண்டுதானே, எட்டாவது எங்கிருந்து வந்தது?"

ஃபைன் வாங்குனேனே தவிர அவருக்கு யாரும் பதில் சொல்லல. போன வாரம் உங்க லெட்டர் எல்லாம் வந்தப்போ அந்த புக்க தேடி எடுத்து கீழ நான் பென்சில்லயே எழுதி வச்சிருக்கேன், "ஒண்ணு சேம்பர்ல இருந்திருக்கும் சார்".